ஆயிரத்து நானூறு அடிக் கம்பி

மணி அடித்து முடிப்பதற்குள் ஆவுடையம்மாள் அதைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டாள். ஆணியும் கூடவே வந்தது. இரண்டு கம்பிகளும் தரையில் இழுபட, மணியைக் கையில் பிடித்துக்கொண்டு அடுத்த வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

அப்பாவு அப்போதுதான் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தார்.

"மணி கேட்டுச்சாம்மா?" என்றார் ஆவலாக.

"கேட்டுச்சாவா? தேரடி வரிக்கும் கேட்டிருக்கும். எங்கூட்டுக்காரரு தறியில குந்திகினு கீறாரு. இது கிர்ருனு அலறுனதுல இழை ஓட்டுற நாடாவை எங்கியோ வுட்டு எறிஞ்சிட்டாரு. இருவது இழை அறுந்து போச்சிண்ணே! ஒவ்வொண்ணா முடி போட்டுகினு கீறாரு. இந்தா, ஒன் மணி."

"ஆபத்து அவசரம்னா கூப்பிடத்தானேம்மா..."

"ஆபத்து இப்ப எங்கூட்டுலதான் கீது" என்று மணியை அவர் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள்.

அப்பாவு மணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழைய சாமான் கடையில் தேடிப் பிடித்த பித்தளை மணி. மணி நல்ல மணி. அதுதான் கஷ்டம்.

ராயபுரம் ரயில்வே தந்தி அறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர் அப்பாவு. தந்தி அடிக்கிற வேலை அல்ல. தந்திக்கு மின்சாரம் தரும் கண்ணாடி ஜாடிகளைக் கழுவி, நவச்சாரத் தண்ணீர் மாற்றி, கம்பிகளைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் வேலை. எத்தனையோ ஆயிரம் பேருடைய சாவும் கலியாணமும் அவர் கழுவிய ஜாடிகளின் பலத்தில் ஊர் ஊராகப் போயின. அவர் பெயருக்கு ஒரு தந்தி வந்ததில்லை. மனைவி வரலட்சுமி போய் ஆறு வருஷம் ஆகிவிட்டது. பிள்ளை குட்டி இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் காலடிப்பேட்டையில் நெசவாளர் தெரு ஒன்றில் குடிவந்தார். தெருவில் அவருக்குத் தந்திக்காரர் என்று பெயர். அதற்கு மேல் அவரைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது.

போன ஐப்பசி மழையில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. கிணற்றடியில் மயங்கி விழுந்து ஒரு பகல் முழுவதும் கிடந்தார். பிறகு தானாகவே ஊர்ந்து உள்ளே வந்து, இரண்டு நாள் கஞ்சிகூட இல்லாமல் படுத்திருந்தார். நாலாம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, ஆவுடையம்மாள் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னாண்ணே, ஊருக்குப் போயிருந்தியா? ஆளையே காணோம்?"

"ஆமாம்மா."

"எந்த ஊரு?"

"அரக்கோணம்" என்றார் அப்பாவு, வாயில் வந்ததை.

"அங்க மழை எப்பிடி?"

"இங்க மாதிரிதான்."

அன்றைக்குத்தான் அவர் மின்சார மணி வைப்பதென்று தீர்மானித்தார். பொத்தான் தம் கட்டிலருகே இருக்கும். மணி அடுத்த வீட்டில் இருக்கும். தெருவுக்கே இன்னும் மின்சார விளக்கு வரவில்லை. இருந்தாலும் ரயில்வேயில் கழித்துப் போட்ட இரண்டு ஜாடிகள் போதும். ஆவுடையம்மாளும் சரி என்றுதான் சொன்னாள். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒருமுறை அடித்துப் பார்ப்பேன் என்பதை மட்டும் அவர் முன்கூட்டியே சொல்லியிருக்கவில்லை.

அடுத்து அவர் போனது ஐந்து வீடு தள்ளியிருந்த சிலுவையம்மாளிடம். அவள் நல்ல மனசுக்காரி.

"கரண்டு அடிச்சிச் செத்துற மாட்டமே?" என்று மட்டும் கேட்டாள்.

அப்பாவு கம்பி முனைகள் இரண்டையும் நாக்கில் வைத்துக் காட்டினார். "உப்புக் கரிக்கும், அவ்ளோதாம்மா."

சிலுவையம்மாளும் நாக்கை நீட்டி ருசி பார்த்து, "ஆமா, கருவாடு மாதிரி கீது" என்று ஒப்புக்கொண்டாள்.

நூறு அடி தூரம். கரண்டு போக ஒரு கம்பி, திரும்பி வர ஒரு கம்பி என்று இருநூறு அடிக் கம்பியை வீட்டுக் கூரை இறவாணங்களில் ஆணியடித்து இழுத்தார் அப்பாவு. ஆறு மணிக்குப் பொத்தானை அழுத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, கேட்டதா என்று விசாரிக்க நடந்தார். கிட்டப் போகும்போதே அந்த வீட்டில் ஒரே கூச்சல்.

சிலுவையம்மாளின் புருஷன் துரை தீப்பெட்டிக் கம்பெனியில் ராத்திரி ஷிப்டு. சாயங்காலம் ஏழு மணி வரைக்கும் தூங்குகிறவன். தீப்பெட்டிக் கம்பெனியில் மணி அடித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். துரை தூக்கத்திலேயே எழுந்து, "நெருப்பு! நெருப்பு!" என்று கத்தி, நெருப்பு எங்கே என்று தேடி, அடுப்பைக் கண்டுபிடித்து, ஒரு குடம் தண்ணீரை அதன்மேல் கொட்டியிருந்தான். உலையில் கொதித்த சோறு, கூட இருந்த மீன் குழம்பு, அடுப்பு மூன்றும் ஒன்றாகிவிட்டிருந்தன.

"மணி கேட்டுச்சா?" என்றார் அப்பாவு வாசலில் நின்று.

துரை காலிக் குடத்தோடு அவரை உற்றுப் பார்த்தான். "நைனா, நீ பெரியவன், அதனால சும்மா வுடறேன். இந்த மணியை எடுத்துகினு தெருக்கோடிக்குப் பூடு."

அப்பாவு அந்த வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டார். தெருக்கோடியில் ரஷீது பாயின் கயிற்றுக்கடை இருந்தது. கட்டுமரக் கயிறு, மீன் வலைக்கு நூல், ஆணி, விளக்குத் திரி எல்லாம் விற்பார். கடைக்குப் பின்கட்டில் குடும்பம். அவர் மனைவி சபீஹாவைத் தெருவில் பார்த்தவர்கள் குறைவு. சாக்குத் திரைக்குப் பின்னாலிருந்து தேத்தண்ணி டம்ளரோடு ஒரு கை மட்டும் வரும்.

"தாராளமா மாட்டுங்க அண்ணாத்தே" என்றார் ரஷீது.

இப்போது கம்பி அறுநூறு அடி. புதுக்கம்பி அவ்வளவு கிடைக்காமல், நூல் சுற்றிய பழைய செம்புக் கம்பித் துண்டுகளை வாங்கி முறுக்கி முறுக்கி இணைத்தார். ஆறு மணிக்கு அழுத்திவிட்டு ஓடினார்.

"கேட்டுச்சா பாய்?"

"இன்னாவோ கேட்டுச்சி அண்ணாத்தே. வண்டுன்னு நெனச்சித் துண்டால தட்டி வுட்டேன்."

அப்பாவுக்கு இது எதிர்பார்த்ததுதான். ரஷீது கொடுத்த தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே சொன்னார். "கம்பிக்குள்ள கரண்டு போறதுக்கு ஒரு மறிப்பு கீது பாய். ரெசிஸ்டென்ஸ்னு சொல்லுவாங்க. கம்பி ரெண்டு பங்கு நீளம்னா மறிப்பும் ரெண்டு பங்கு. மூணு பங்குன்னா மூணு பங்கு. ஆவுடையம்மா வூட்டுக்கு நாப்பது அடி, இங்க அறுநூறு. பதினஞ்சு பங்கு மறிப்பு."

"அதாவது, மூட்டை தூக்கறவன் பக்கத்துக் கடைக்குன்னா ஓடுவான், ராயபுரம் வரிக்கும்னா நாக்கு தள்ளிப்பூடும்."

"அதேதான் பாய்."

"அப்ப இன்னும் ரெண்டு ஆளைப் போடுறது."

அப்பாவு இரண்டு ஜாடியை ஆறாக்கினார். மறுநாள் மணி அலறியது. கடைக்கு வெளியே நின்ற ஜட்கா வண்டிக் குதிரை, கட்டாமல் வைத்திருந்த கயிற்றுச் சுருள்களைக் காலில் மாட்டிக்கொண்டு சுங்கச்சாவடிப் பக்கம் ஓடிற்று. ரஷீது அப்போது பின்கட்டில் தொழுதுகொண்டிருந்தார். தொழுகை முடியும் வரைக்கும் அசையவில்லை. அதற்குள் குதிரை, கயிறு இரண்டும் கண்ணுக்கெட்டாத தூரம் போய்விட்டன.

"கோவமில்ல அண்ணாத்தே" என்றார் ரஷீது, மறுநாள் கயிற்றுக்குச் சிக்கெடுத்துக்கொண்டே. "நேரமும் சரியில்ல, எடமும் சரியில்ல. மார்க்கெட்டாண்ட கெங்கம்மா கடை கீது பாரு. அங்க எப்பவும் சத்தம்தான். அதுல இது ஒரு சத்தம்."

கெங்கம்மா ஆப்பக்கடைக்காரி. மணியைப் பார்த்ததும், "மாட்டு, மாட்டு. எனக்கின்னா" என்று ஆப்பச் சட்டியைச் சுழற்றிக்கொண்டே இடத்தைக் காட்டினாள்.

எழுநூறு அடி தூரம்; ஆயிரத்து நானூறு அடிக் கம்பி.

முதல் நாள் கெங்கம்மா பார்த்துச் சொன்னபடி, மணியின் சுத்தியல் குளிரில் நடுங்குகிற விரல் மாதிரி லேசாக ஆடியது. கிண்ணத்தைத் தொடவில்லை. அப்பாவு ஆறு ஜாடியைப் பத்தாக்கினார். அப்போதும் தொடவில்லை. ஜாடிகளைக் கூட்டினால் பலம் கூடுகிறது. ஆனால் ஒவ்வொரு ஜாடிக்கும் சொந்தமாகவும் ஒரு மறிப்பு உண்டு. பதினான்காக்கினார். ஜாடிகள் கூடத்தை அடைத்துக்கொண்டன. கட்டிலைச் சமையல்கட்டுக்கு மாற்றினார். பொத்தானும் சமையல்கட்டுக்குப் போனதால் கம்பி இன்னும் கொஞ்சம் நீண்டது.

கடற்காற்றில் கம்பி இணைப்புகள் வேறு களிம்பேறிப் பச்சை பிடித்தன. அதனால் அவர் தினமும் பொத்தானை அழுத்திவிட்டு, உப்புத்தாளும் கையுமாகக் கம்பியைப் பின்தொடர்ந்தே நடக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு வாசலிலும் நின்று, இணைப்பைத் தேய்த்து, கம்பியை யாராவது தொட்டார்களா என்று விசாரிக்க வேண்டும்.

ஆவுடையம்மாள் கம்பியில் புடவை காயப்போட்டிருப்பாள். "கொடி மாதிரி தொங்குது, அதான் போட்டேன். எடுத்துக்கறேன், கோச்சிக்காத. இந்தா, கொஞ்சம் கொழம்பு ஊத்தித் தரேன், போறப்ப வாங்கிகினு போ."

சிலுவையம்மாள் துரையைப் பற்றி ஒரு பாட்டம் புலம்புவாள். துரை தூக்கத்திலிருந்து எழுந்து வந்து, அவளைப் பற்றி ஒரு பாட்டம் புலம்புவான். அப்பாவு இருவருக்கும் தலையாட்டிக்கொண்டே உப்புத்தாளைத் தேய்ப்பார். ரஷீது கடையில் உட்காராமல் போக முடியாது. திரைக்குப் பின்னாலிருந்து கை வந்துவிடும். கடைசியில் கெங்கம்மா.

"மணி கேட்டுச்சா?"

"கேட்டுச்சி, ஜோரா கேட்டுச்சி" என்பாள் கெங்கம்மா, ஆப்பத்தைத் தட்டில் தள்ளிக்கொண்டே. "துண்ணு."

வீடு திரும்ப எட்டு மணி ஆகிவிடும். ஒரு மணியைச் சோதிக்க இரண்டு மணி நேரம் வீணாகிறதே என்று அப்பாவுக்கு எரிச்சலாக இருக்கும். வீட்டுக்குள் வந்து விளக்கேற்றினால் ஜாடிகள் பதினான்கும் வரிசையாக மின்னும். வேறு ஒருவரும் இல்லை. கட்டிலில் உட்கார்ந்து பொத்தானைப் பார்த்துக்கொண்டிருப்பார். கெங்கம்மாவுக்குக் கேட்கிறது என்பது ஒரு தைரியம். ஆனால் எவ்வளவு கேட்கிறது? ஜோராக என்றால் எவ்வளவு ஜோராக?

இந்தச் சந்தேகம் தை மாதம் முழுவதும் அவரை அரித்தது. மாசி பிறந்து ஒரு வியாழக்கிழமை, ஆறு மணிக்குப் பொத்தான் அருகே போய் நின்றார். விரலை நீட்டினார். அழுத்தவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு நடந்தார். எந்த வாசலிலும் நிற்கவில்லை. ரஷீது கூப்பிட்டதற்குக்கூட, "வரேன் பாய்" என்று கையை மட்டும் ஆட்டினார்.

"மணி கேட்டுச்சா கெங்கம்மா?"

"கேட்டுச்சி, ஜோரா கேட்டுச்சி. துண்ணு."

அப்பாவு ஆப்பத்தை வாங்கிக்கொண்டார். அவள் முகத்தில் பொய் சொன்ன அடையாளம் எதுவும் இல்லை. அடுப்புச் சூடுதான் இருந்தது.  சாப்பிட்டார், கை கழுவினார், திரும்பி நடந்தார். கம்பி அவர் தலைக்கு மேலே வீடு வீடாக வந்துகொண்டிருந்தது. அதை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மூன்று மாதம் அவர் அழுத்தியதெல்லாம் வெறும் பொத்தான். ஒருநாள் நிஜமாகவே மார்பை அடைத்துக்கொண்டு அழுத்தியிருந்தால், அந்தப் பக்கம் கெங்கம்மா யாருக்கோ ஆப்பம் தள்ளிக்கொண்டிருந்திருப்பாள். மறுநாள் யாராவது கேட்டால், ஜோராகக் கேட்டது என்று சொல்லியிருப்பாள். அவர்மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னாள் என்பது அவருக்குப் புரிந்தது. அதுதான் தாங்கவில்லை.

இனிமேல் யார் வாசலிலும் போய் நின்று கேட்பதில்லை என்று வெள்ளிக்கிழமை காலையில் முடிவு செய்தார். மணி அடிக்கட்டும், அவர்களே எழுந்து வரட்டும். ராயபுரத்தில் பழைய சிநேகிதர் நீலமேகத்தைப் பார்த்து, கழித்துப்போட்ட ஜாடிகள் ஆறு கேட்டு வாங்கி, ஜட்காவில் வைத்து மடியில் அணைத்தபடி கொண்டுவந்தார். இருபது ஜாடி! காலடிப்பேட்டை என்ன, எண்ணூர் வரைக்கும் அடிக்கும்.

சாயங்காலம் நாலு மணிக்குக் கடைசி ஜாடியையும் வரிசையில் சேர்த்துவிட்டு, மீந்த நவச்சாரத் தண்ணீரை வாளியோடு கிணற்றடிக்கு எடுத்துப் போனார். வாளி தளும்பியது. கால் வழுக்கியது.

விழுந்தபோது வலி தெரியவில்லை. எழ முயன்றபோது தெரிந்தது. வலது இடுப்பு அவருடையதாகவே இல்லை.

"யாருன்னா வாங்களேன்" என்று கூப்பிட்டுப் பார்த்தார். குரல் கிணற்றுச் சுவரைத் தாண்டவில்லை. அடுத்த வீட்டில் தறிச்சத்தம் தடக் தடக்கென்று ஓடிக்கொண்டிருந்தது.

அதே கிணற்றடி. அன்றைக்குப் பார்த்த அதே துண்டு வானம். இந்த முறை யாராவது கேட்டால் எந்த ஊருக்குப் போயிருந்ததாகச் சொல்வது என்றுகூட ஒரு யோசனை ஓடியது. அரக்கோணம் சொல்லியாயிற்று. சிரிக்கப் பார்த்தார், இடுப்பு விடவில்லை.

முழங்கையை ஊன்றி ஊன்றி நகர்ந்தார். கிணற்றடியிலிருந்து சமையல்கட்டு பன்னிரண்டு அடி. அதைக் கடக்க ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆயிற்று. நடுவில் கன்னத்தைத் தரையில் வைத்துக் கொஞ்ச நேரம் அழுதார். பார்க்க ஆளில்லாததால் துடைத்துக்கொள்ளவில்லை. கட்டில் காலைப் பிடித்து, தொங்கிய பொத்தானை எட்டிப் பிடித்தபோது, திருவொற்றியூர் ஸ்டேஷனில் சாயங்கால வண்டி ஊதிற்று. ஆறு மணி.

அழுத்தினார். பொத்தான் 'டிக்' என்றது. அதற்கு மேல் அந்த வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. விரல் வலிக்கும் வரைக்கும் அழுத்திக்கொண்டே இருந்தார். மனம் தன்போக்கில் கணக்குப் போட்டது. ஆயிரத்து நானூறு அடி. இருபது ஜாடி. பச்சை ஏறிய நாற்பத்தேழு இணைப்பு. நேற்றும் இன்றும் தேய்க்கவில்லை. கணக்கு ஒருமுறை அடிக்கும் என்றது. இன்னொருமுறை அடிக்காது என்றது. கொல்லை வாசல் வழியாக வந்த வெளிச்சம் மெல்ல மங்கியது. தறிச்சத்தம் நின்றது.

அப்பாவு கண்ணை மூடிக்கொண்டார்.

தடதடவென்று வாசலில் காலடிச் சத்தம். "நவுரு, நான் ஒடைக்கறேன்" என்று துரையின் குரல். அடுத்த நிமிஷம் அவன் கதவை ஓங்கி உதைத்தான். கதவு தாழ் போட்டிருக்கவில்லை. உதைத்த வேகத்தில் துரை ஒற்றைக் காலில் கூடம் முழுவதும் நொண்டி வந்து, மூன்று ஜாடிகளை உடைத்துக்கொண்டு, அப்பாவு பக்கத்திலேயே விழுந்தான். அவன் பின்னால் சிலுவையம்மாள், கையில் நூலோடு ஆவுடையம்மாளும் அவள் புருஷனும், ரஷீது, எல்லோருக்கும் பின்னால் மூச்சிரைக்க ஆப்பக்கரண்டியோடு கெங்கம்மா.

"ஐயோ, கீழ கெடக்கறாரே!" என்று சிலுவையம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "யம்மாடி, ஒடம்பு சில்லுனு கீது!"

"இடுப்பு போல கீது. ஆட்டாத, ஆட்டாத" என்றார் ரஷீது. "ஆவுடை வூட்டுக்காரரே, ஓடிப் போயி ஒரு வண்டி இட்டாங்க. துரை, நீ எழுந்து அந்தக் கட்டில் பலகையைக் கயட்டு."

ஆவுடையம்மாள் அவர் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "எவ்ளோ நேரமாண்ணே இப்பிடிக் கெடந்தே? சுவத்துக்கு அந்தாண்டதானே இருந்தேன். ஒரு கொரல் குடுக்கக்கூடாதா?"

அப்பாவு அவள் சொன்னதைக் கேட்கவில்லை. முகம் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வறண்ட உதட்டில் ஒரு சிரிப்பு வந்துகொண்டிருந்தது.

"கேட்டுச்சா?" என்றார் மெதுவாக. "மணி கேட்டுச்சா?"

"கேட்டுச்சி, ஜோரா கேட்டுச்சி" என்றாள் கெங்கம்மா உடனே.

அப்பாவு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நேத்து நான் பொத்தானையே அமுக்கல கெங்கம்மா. நேத்தும் நீ கேட்டுச்சின்னே. பரவால்ல, உட்டுடு. இன்னிக்கி மட்டும் நெஜத்தைச் சொல்லு. இருவது ஜாடி போட்டேன். சுத்தியலு கிண்ணத்தைத் தொட்டுச்சா? இத்தினி பேரு வந்துட்டீங்களே, அடிக்காமயா வந்தீங்க?"

கெங்கம்மா கரண்டியைப் பார்த்தாள். துரை ரஷீதைப் பார்த்தான். ரஷீது தாடியைத் தடவிக்கொண்டார். 

ஒரு பெண்பிள்ளை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, தேத்தண்ணி டம்ளரை அவர் வாயருகே நீட்டினாள். கையைப் பார்த்துத்தான் அது சபீஹா என்று அப்பாவுக்குத் தெரிந்தது.

"மணி எங்கண்ணே அடிச்சிது?" என்றாள் அவள். "ஆறு மணியாச்சி, ஆறரையாச்சி, மணி கேட்டுச்சான்னு கேக்க நீங்க வரல; அதான் பயந்து போயி ஓடியாந்தோம்."